வசந்தி யாரைப் பார்த்தாள்?

உச்சி வெயில். வீடியோ கேமராவுக்கு வலப்பக்கத்தில், முக்காலியின் காலைத் தட்டிவிடாமல் ஒதுங்கி நின்று நான் பாடிக்கொண்டிருந்தேன். எதிரே, தகரக் கூரை போட்ட பஸ் நிறுத்தத்தில், மஞ்சள் சேலை கட்டிய வசந்தி நின்று வாயசைத்துக்கொண்டிருந்தாள். குரல் என்னுடையது, முகம் அவளுடையது. அதுதான் ஏற்பாடு.

“வசந்தி, கேமராவப் பாரும்மா! கேமராவ!” என்று தங்கராஜு அண்ணன் கத்தினார்.

அவள் கேமராவைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி சென்ற வாரம் என்னிடம் நேரிலேயே கேட்டுவிட்டார். “பாடகி, பாடகின்னு எழுதுறீங்க, ஒங்க மொகத்த எதுலயும் பாத்ததில்லியே?” பார்த்திருக்க முடியாது. ஏன் என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது.

பல் விவகாரம்

எண்பதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஈப்போ நகரத்தில் ஒரு சட்டை ஃபேக்டரியில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். சனி, ஞாயிறுகளில் தங்கராஜு அண்ணனின் இசைக்குழுவில் பாடுவேன். கல்யாண வீடு, கோயில் திருவிழா, பள்ளிக்கூடத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி. எல்லாம் சினிமாப் பாட்டு. மேடையில் மைக்குக்கு முன்னால் நிற்கும்போது யாரும் என் பல்லைப் பற்றிப் பேசியதில்லை. மைக் மறைத்துக்கொள்ளும்.

என் மேல்வரிசைப் பற்கள் கொஞ்சம் முன்னால் வந்தவை. கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரி சொல்வார்கள்.

தங்கராஜு அண்ணன் நல்ல மனிதர். அதுதான் தொந்தரவே. கெட்டவராக இருந்திருந்தால் ஒரே சண்டையில் முடித்துக்கொண்டு வந்திருப்பேன். பகலில் லாரி கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணி வேலை, மற்ற நேரமெல்லாம் கீபோர்டு. எத்தனை நாளைக்குத்தான் அடுத்தவன் பாட்டையே பாடுவது என்று அவருக்கு ஒரு வேகம் வந்தது. சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டினார். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, வராத ஆளுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் பாட்டு.

“கடைசி பஸ்ஸும் போனதய்யா, கண்ணு மட்டும் போகலியே” என்று தொடங்கும். இன்றைக்கும் அந்த இரண்டாவது அடியில் ஏறும்போது எனக்குத் தொண்டை கொஞ்சம் நடுங்கும். நல்ல பாட்டு. கோபத்திலும் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பாட்டைப் பதிவு செய்து கேசட் போட்டாயிற்று. கேசட் நகரவில்லை. அப்போது யோசனை சொன்னவர் காதர் நானா. ஈப்போவில் கல்யாண வீடியோ எடுப்பவர். கூடவே தமிழ்ப் பட வீடியோ கேசட்டுகளை வாடகைக்கு விடும் கடையும் வைத்திருந்தார்.

“பாட்டுக்கு ஒரு சின்னப் படம் எடுத்துருவோம்லா. நான் வாடகைக்கு விடுற ஒவ்வொரு கேசட்டுலயும் படத்துக்கு முன்னால அதப் போட்டு விடுறேன். வீடு வீடாப் போயிரும்” என்றார்.

கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஈப்போவிலேயே பூந்தோங் பக்கத்தில் ஒரு கடையில் மெரூன் கலரில் சேலை கூடப் பார்த்து வைத்துவிட்டேன். அதற்கடுத்த ஒத்திகையில்தான் தங்கராஜு அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். கோப்பி வாங்கிக் கொடுத்தார். அவர் கோப்பி வாங்கிக் கொடுத்தாலே ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

“சரோ, ஒங்கொரலு தங்கம். அதுல பேச்சே இல்ல. ஆனா வீடியோன்னா ஆளுங்க மொதல்ல மூஞ்சியத்தான் பாப்பாங்க...”

“என் மூஞ்சிக்கு என்ன அண்ணே?”

“மூஞ்சிக்கு ஒண்ணுமில்லம்மா. பல்லுதான் கொஞ்சம்...”

“பல்லு எனக்குத்தான முன்னால இருக்கு. ஒங்கள என்ன பண்ணுது?”

அவர் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சேலைக் கடையில் வேலை பார்க்கும் வசந்தி என்ற பெண் நடிக்கப்போகிறாள் என்றார். அந்தக் கடை தன் காலண்டரில் அவள் படத்தைத்தான் போட்டிருந்தது. சிவந்த பெண், நல்ல லட்சணம்.

“பாட்டுத் தொடங்குறப்ப ஒம் பேரப் பெருசாப் போடுறோம். ‘பாடியவர் சரோஜினி’ன்னு. அது நிச்சயம்லா.”

அன்றிரவு சாப்பிடாமல் படுத்தேன். குழுவை விட்டுப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. போனால் பாட்டும் போய்விடும். அந்தப் பாட்டு வெளியே போக வேண்டும் என்ற ஆசை, என் முகத்தின் மேலிருந்த ஆசையைவிடக் கொஞ்சம் பெரியதாக இருந்தது. கொஞ்சம்தான்.

நான் முன்பு வேலை செய்த தோட்டம்

படம் எடுக்க அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் பத்து காஜா என்ற ஊருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டம். நான் பிறந்து வளர்ந்து, ஃபேக்டரிக்கு வரும்வரை பாலுக்காக மரம் வெட்டிய அதே தோட்டம். தோட்டத்து முகப்பில் ஒரு பஸ் நிறுத்தமும் பக்கத்தில் ஒரு சாமான் கடையும் உண்டு. பாட்டுக்குப் பொருத்தம் என்றார்கள்.

தோட்டத்தைப் பற்றிப் பலர் உருகி உருகி எழுதுகிறார்கள். எனக்கு உருகுவதற்கு ஒன்றுமில்லை. கொசு, அட்டை, பால் வடியும் மங்குக் கோப்பையில் விழும் மழைத்தண்ணீர். ஒன்றே ஒன்று சொல்லலாம். விடியுமுன் வெட்டுக் காட்டில் பக்கத்து நிரையில் நிற்கும் அஞ்சலை அக்கா, “சரோ, பாடுடி, பாம்பு கீம்பு இருந்தா ஓடிரும்” என்பாள். என் முதல் ரசிகர்கள் பாம்புகள். ஓடினவா, நின்று கேட்டனவா, தெரியாது.

வசந்திக்கு அதற்கு முந்தின நாள்தான் பாட்டைப் பழக்கியிருந்தார்கள். கேசட்டை ஒலிக்கவிட்டு அவள் வாயசைப்பாள், படம் எடுத்த பிறகு காதர் நானா கடையில் உட்கார்ந்து படத்தின் மேல் பாட்டை ஏற்றிவிடுவார். இதுதான் திட்டம். சாமான் கடையிலிருந்து நீளமாக வயர் இழுத்து டேப் ரிக்கார்டரை இணைத்தார்கள். சத்தமே இல்லை.

“தோட்டத்துல சாயங்காலந்தான் கரண்டு வரும். ஈப்போலயே சொன்னேன்ல அண்ணே” என்றேன்.

“தா’ப்பா, பரவால்ல, பேட்டரி இருக்குலா” என்றார் தங்கராஜு அண்ணன்.

அதற்குள் தொழிலாளர் குடியிருக்கும் லயமே திரண்டு வந்துவிட்டது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டமாக அவர்களையே நிறுத்தலாம் என்றார் காதர் நானா. “அப்பிடியும் இப்பிடியும் நடங்க, பேசிக்கிட்டு இருங்க” என்று சொல்லிவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் போனார். திரும்பிப் பார்த்தால், உயரமானவர்கள் பின்னால், குட்டையானவர்கள் முன்னால், இரண்டு பெரியவர்கள் கடையிலிருந்து நாற்காலி கொண்டுவந்து நடுவில் உட்கார்ந்தாயிற்று. கை முழங்கால் மேல். ஒருவர் கண்கூட இமைக்கவில்லை.

“ஐயா, இது போட்டோ இல்ல, வீடியோ! ஆடலாம், அசையலாம்லா!”

யாரும் அசையவில்லை. அவர்கள் அதுவரை கேமராவுக்கு முன்னால் நின்றதெல்லாம் அடையாளக் கார்டுக்கும் கல்யாணத்துக்கும்தான். அசைந்தால் திட்டு விழும் என்று அனுபவத்தில் தெரிந்தவர்கள். கடைசியில் காதர் நானா கூட்டத்தை அப்படியே பின்னால் விட்டுவிட்டார். இன்றைக்கும் அந்தப் படத்தில் வசந்திக்குப் பின்னால் ஒரு தோட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

கூட்டத்திலிருந்த அஞ்சலை அக்கா என்னைப் பார்த்துவிட்டாள்.

“சரோ, ஒம் பாட்டுதான? அப்பறம் ஏன்டி அந்தப் புள்ள அங்க நிக்கிது, நீ இங்க நிக்கிற?”

எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். வெயில் தாங்கவில்லை என்றேன். அஞ்சலை அக்கா நம்பவில்லை. நான் எத்தனை வருஷம் வெயிலில் நின்றவள் என்று அவளுக்குத் தெரியும்.

ஆண் குரலில் நான்

பாட்டை ஓடவிட்டார்கள். முதல் சரணம் பாதிவரை ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் என் குரல் மெல்ல மெல்லக் கனக்கத் தொடங்கியது. இழுத்து, கொழகொழத்து, கடைசியில் தொண்டை கட்டிய ஓர் ஆம்பளை பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல ஆகிவிட்டது. லயத்துப் பிள்ளைகள் தரையில் விழுந்து சிரித்தார்கள். அவ்வளவு நேரம் அசையாமல் நின்ற பெரியவர்களும் சிரித்தார்கள். காதர் நானா அப்போது பார்த்துக் கேமராவை நிறுத்தியிருந்தார்.

முந்தின நாள் வசந்திக்குப் பழக்கியதிலேயே அந்த பேட்டரிகளின் உயிர் போய்விட்டிருந்தது. சாமான் கடையில் வாங்கிப் போட்ட பேட்டரியோ எந்தக் காலத்துச் சரக்கோ, அதுவும் அதே கதை. காதர் நானாவுக்கு அடுத்தடுத்த வாரமெல்லாம் கல்யாணங்கள். அன்று விட்டால் படமே இல்லை.

தங்கராஜு அண்ணன் என்னை நோக்கி நடந்து வந்தார். அவர் வாய் திறப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

“சரோ... நீ கேமராப் பக்கத்துல நின்னு பாடிரு. நம்ம குழுப் பையனத் தோலக்கு அடிக்கச் சொல்றேன். தாளம் சரியா இருந்தாப் போதும், வாயசைப்பு சுமாரா ஒட்டிக்கும்.”

என்னைப் பார்க்க வேண்டாம், என் குரல் மட்டும் வேண்டும். அதையும் இத்தனை பேருக்கு முன்னால் வந்து கேட்கிறார். “முடியாது” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி ஈப்போவுக்குப் போயிருப்பேன். நிஜமாகவே கைப்பையை எடுத்துவிட்டேன்.

வசந்தி ஓடிவந்தாள். முகப்பூச்செல்லாம் வேர்வையில் கரைந்து கழுத்துவரை இறங்கியிருந்தது. இருபது வயசுகூட இருக்காது.

“அக்கா, எனக்கு வெக்கமா இருக்குக்கா” என்றாள். “ஒங்க பாட்டு இது. நான் சும்மா வாயத் தொறந்து மூடுறேன். என்னைய வெச்சு நீங்க கோவப்படாதீங்க. நீங்க போயிட்டா நானும் வந்துருவேன்.”

அவள் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. இந்தப் பெண்ணை வெறுக்க வேண்டும் என்று ஒரு வாரமாகத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். எல்லாம் வீணாயிற்று. பையைக் கீழே வைத்தேன்.

முதலில் கேமராவுக்கு நேர் பின்னால் நின்று பாடினேன். அந்தக் காலத்து வீடியோ கேமரா ஓர் அரிசி மூட்டை அளவு இருக்கும். அதுவும் காதர் நானாவின் தலையும் சேர்ந்து என்னை மறைத்துவிட்டன. கேசட்டில் என்றால் இசை முன்னால் வந்து இடத்தைக் காட்டிக்கொடுக்கும். வெறும் தோலக்கை வைத்துக்கொண்டு எங்கே எடுக்கிறேன், எங்கே மூச்சு விடுகிறேன் என்று வசந்திக்குத் தெரியவில்லை. தடுமாறினாள்.

“அக்கா, ஒங்க வாயப் பாத்தாத்தான் எனக்கு வருது. சைடுல வந்து நில்லுங்க. நல்லாத் தொறந்து பாடுங்கக்கா.”

வலப்பக்கம் வந்து நின்றேன். வாயை நன்றாகத் திறந்து, பல், ஈறு எல்லாம் தெரிய, ஒவ்வொரு எழுத்தையும் அவளுக்குக் காட்டிக் காட்டிப் பாடினேன். அப்படி நான் யார் முன்னாலும் வாயைத் திறந்ததில்லை. அவள் கண்ணெடுக்காமல் என்னையே பார்த்தாள். தங்கராஜு அண்ணன் கேமராவைப் பார், கேமராவைப் பார் என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டு உட்கார்ந்துவிட்டார். ஒருமுறை அவர் சொன்னதைக் கேட்டுக் கேமராவைப் பார்த்தாள், ஒரு வரியே போய்விட்டது. மறுபடி என்னிடம் வந்துவிட்டாள்.

ஊரெல்லாம் ஒரே கேள்வி

காதர் நானா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவர் கடையிலிருந்து போன ஒவ்வொரு வாடகைக் கேசட்டிலும் எங்கள் பாட்டு முன்னால் ஓடியது. தைப்பிங், சிலிம் ரிவர் வரைக்கும் போயிற்று. பாட்டுக் கேசட்டும் நகரத் தொடங்கியது.

என் பெயரையும் போட்டார்கள். கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்து, கேசட்டின் ஆரம்பத்திலேயே. வாடகை வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த ஆரம்பத்துக்கு என்ன கதி என்று. பத்துப் பேர் போட்டு, பத்துப் பேர் சுருட்டி, டேப்பின் தலைப்பு நைந்துபோகும். கோடு கோடாக ஓடும், திரை குதிக்கும். எல்லாம் அடங்கிப் படம் தெளியும்போது வசந்தி பஸ் நிறுத்தத்தில் நிற்பாள். ‘பாடியவர் சரோஜினி’ அந்தக் கோடுகளுக்குள்ளேயே போய்விட்டாள்.

ஃபேக்டரியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் அந்தப் பாட்டைப் பற்றித்தான் பேசினார்கள்.

“அந்தப் பொண்ணு என்னமாப் பாடுது!”

“பாட்ட விடு. அது பாக்குற பார்வை இருக்கே! கேமராவ ஒருக்காகூடப் பாக்கல. பக்கத்துல எவனோ நிக்கிறான்டி. நெஜமான ஆளு.”

“என்னையத்தான் பாக்குது. பாடுனதும் நான்தான்” என்றேன். கைதட்டிச் சிரித்தார்கள். நான் வாய்த்துடுக்குக்காரி என்று பெயரெடுத்தவள், அதனால் அதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். கழிவறையில் போய் நின்று அழுதேன். முகமும் இல்லை, பெயரும் இல்லை. பாட்டு வெளியே போனால் போதும் என்று நினைத்தேனே, அது போதவில்லை.

தோலக்கு வாசித்தவன், வீடியோ எடுத்தவர், சாமான் கடைக்காரர் மகன் என்று ஊரார் ஆளுக்கொரு ஆளைப் பிடித்து அந்தப் பார்வையோடு சேர்த்துவைத்தார்கள்.

தைப்பிங்கிலிருந்து வந்த அம்மா

சில மாதங்கள் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் பசியாறிக்கொண்டிருக்கும்போது, வசந்தி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

தைப்பிங்கில் அரசாங்க வேலையில் இருக்கும் ஒரு பையன் அவளைக் கேட்டிருந்தானாம். அவளுக்கும் அவனை ரொம்பப் பிடித்திருந்தது. எல்லாம் கூடிவந்த நேரத்தில் பையனின் அம்மா வாடகைக்கு எடுத்த கேசட்டில் இந்தப் பாட்டு. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

“‘யாரப் பாக்குற, அதச் சொல்லு மொதல்ல’ன்னு கேக்குறாங்கக்கா. இன்னைக்கி நேர்ல வாராங்க. நீங்க வந்து சொல்லணும்.”

“நான்தான் பாடுனேன்னு சொல்லணும். அப்ப நீ பாடலேன்னு தெரிஞ்சிரும். பாடுற பொண்ணுன்னு நெனச்சுத்தான ஆசப்பட்டிருப்பாங்க?”

“ஆமாக்கா. ஒங்க பேருதான் யாருக்கும் தெரியலியே, அப்பிடியே விட்டுரு, வெளிய சொல்லாதன்னாரு தங்கராஜு அண்ணே. ஆனா நெசத்தச் சொல்லித்தான் ஆகணும்” என்றாள். “ரொம்ப நாளாவே சொல்லணும்னு இருந்தேன்.”

என் முகத்தை முதன்முதலாகத் தேடி வந்து கேட்கிறார்கள், அதுவும் சாட்சி சொல்ல. சிரிப்பதா, திட்டுவதா என்று தெரியவில்லை. முடியைக் கட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினேன்.

வசந்தி வீட்டுக் கூடம் சின்னது. பையன் ஓர் ஓரத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அம்மா நடுவில். கண்ணாடி போட்ட, கறாரான முகம். தட்டில் வைத்த பலகாரத்தைத் தொடவில்லை.

வசந்தி நின்றபடியே சொன்னாள். “பாடுனது நான் இல்லீங்க. இந்த அக்கா. கேசட்டு நின்னு போச்சு, இவங்க பக்கத்துல நின்னு பாடுனாங்க. இவங்க வாயப் பாத்துப் பாத்துத்தான் நான் வாயசைச்சேன். வேற யாரும் இல்லீங்க.”

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்வை என் பல்லில் கொஞ்ச நேரம் நின்றது. நம்பவில்லை என்று தெரிந்தது.

“அப்பிடீன்னா பாடச் சொல்லு. அன்னைக்கி எப்பிடி நின்னீங்களோ அப்பிடியே நின்னு.”

கூடத்தின் இரண்டு முனைகளில் நின்றோம். தோலக்கு இல்லை, மைக் இல்லை, மறைக்க ஒன்றுமே இல்லை. எடுத்தேன். கடைசி பஸ்ஸும் போனதய்யா. எதிரே வசந்தியின் உதடு தானாக அசைந்தது. கண் என் வாயில் வந்து ஊன்றிக்கொண்டது. அதே பார்வை. காதர் நானா கடையிலிருந்து வீடு வீடாகப் போன அதே பார்வை. இரண்டாவது அடியில் என் தொண்டை நடுங்கியபோது அவள் புருவமும் சேர்ந்து நடுங்கியது.

அந்த அம்மா என் பக்கமே திரும்பவில்லை. பாட்டு முடியும்வரை வசந்தியின் கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பொய் எங்காவது தட்டுப்படுகிறதா என்று.

முடித்தேன். பையன் தலையைத் தூக்கி வசந்தியைப் பார்த்தான்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். நாற்காலியை இழுத்து முழுசாக என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“இவ்வளவு நேரம் இந்தப் புள்ளயத்தான் பாத்தேன். இன்னொருக்காப் பாடும்மா” என்றார். “இப்ப ஒன்னயப் பாக்குறேன்.”